பூவில் வலை கட்டிய பிறகு மருந்தைத் தேடாதீர்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் அப்பாவோடு மிளகாயும் வெங்காயமும் செய்தவர். கனடாவுக்குப் போய் லீமிங்டன் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பல வருடம் வெள்ளரி, தக்காளி வேலை பார்த்திருக்கிறார். பிறகு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, சிறு அளவில் கஞ்சா வளர்ப்பதற்கான அரசு உரிமம் வாங்கி, ஒரு பழைய கண்ணாடிக்குடிலைக் கடன் வாங்கிச் சீர்செய்து பயிர் வைத்திருக்கிறார். இது அவர்களுடைய மூன்றாவது பயிர்.

செடிகள் பூக்கத் தொடங்கி நாலு வாரம் முடிந்துவிட்டது. அறுவடைக்கு இன்னும் நாலு வாரம் போல இருக்கிறது. ஹீட்டர் பக்கத்து வரிசைகளில் இலையெல்லாம் மஞ்சள் பொட்டுப் பொட்டாக மாறி, சில செடிகளின் நுனிப்பூவில் சிலந்திப்பேன் மெல்லிய வலையும் கட்டிவிட்டதாம். சோப்புக் கரைசல் இரண்டு முறை அடித்திருக்கிறார். நிற்கவில்லை. பிறகு தமிழ்க் கடையில் வாங்கிய வேப்பெண்ணெயை ஒரு முறை அடித்திருக்கிறார். அதற்கு அடுத்த நாளே, சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பேன்களை விலைக்கு வாங்கி விட்டிருக்கிறார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவற்றில் ஒன்றைக்கூடக் காணோம். இப்போது கூட்டாளி ஒருவர், ஊரிலிருந்து வந்த பெட்டியில் கொண்டுவந்த, அபாமெக்டின் என்ற பேன் மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டுகிறாராம். “நாலு வாரம் இருக்கே, அதுக்குள்ள கரைஞ்சு போயிரும், அடி” என்கிறாராம்.

வாசகரின் கேள்விகள் இவை. அந்த மருந்தை அடிக்கலாமா? பரிசோதனையில் தெரியவருமா? நல்ல பேன் என்பதெல்லாம் வியாபாரிகள் கட்டிய கதையா? பூவைக் கழுவியோ எண்ணெய் எடுக்கக் கொடுத்தோ தப்பிக்க முடியுமா? மொத்தப் பயிரையும் வெட்டி எறிவதுதான் வழியா? கடைசியில், பேச்சுவாக்கில் சொல்வதுபோல, இலை நறுக்கும் வேலை செய்யும் அவருடைய மனைவிக்குச் சில வாரங்களாக மூக்கு ஒழுகுவதாகவும், மாலையானால் மூச்சு இழுப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

பதிலுக்குப் போகுமுன் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா வளர்ப்பும் விற்பனையும் உரிமத்தின் கீழ் சட்டபூர்வமானவை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஒரு செடி வைத்தாலும் குற்றம். இலங்கையிலும் அனுமதியின்றி வளர்ப்பது குற்றம்தான். இந்தப் பதில் உரிமம் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு எழுதப்படுகிறது.

சரி, இனி உங்களிடம் பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: “வெள்ளரியில் நான் பார்க்காத பேனா?” உண்மைதான். உங்கள் குடிலில் இருப்பது பெரும்பாலும் நீங்கள் லீமிங்டனில் பார்த்த அதே இரு புள்ளிச் சிலந்திப்பேன்தான். 1,100-க்கும் மேற்பட்ட செடி வகைகளில் வாழக்கூடியது அது. ஆனால் பேன் ஒன்றாக இருந்தாலும் செடி வேறு. வெள்ளரியில் நாம் விற்பது காயை. பேன் இருப்பது இலையில். இலை கொஞ்சம் கெட்டாலும் காய் சந்தைக்குப் போய்விடும். கஞ்சாவில் விற்பது பூவை. அந்தப் பூவை யாரும் தோல் சீவுவதில்லை, கழுவுவதில்லை, வேகவைப்பதில்லை. கொளுத்தி நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள். வெள்ளரியில் நீங்கள் கற்ற பல வித்தைகள் இங்கே செல்லாமல் போவதற்கு இந்த ஒரு வேறுபாடுதான் காரணம். உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

பேன் எதுவென்று உறுதி செய்யுங்கள்

வலை கட்டியிருப்பதால் சிலந்திப்பேன் என்பதில் எனக்கு அதிகச் சந்தேகமில்லை. ஆனாலும் முப்பது மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸை வைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் நீளம், வெளிர் உடம்பு, இரண்டு பக்கமும் கரும்புள்ளி, பக்கத்தில் உருண்டையான கண்ணாடி மணி போன்ற முட்டைகள். இதுதான் அது. வலை இல்லாமல், இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு செடி மங்கலாகத் தெரியும் வரிசைகள் இருந்தால் அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். கஞ்சாவுக்கே உரிய துருப்பேன் என்று ஒன்று உண்டு. அது சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் வாங்கிய நல்ல பேன் அதைத் தொடவும் செய்யாது. மஞ்சள் ஒட்டும் அட்டையில் எதுவும் விழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விழாது. சிலந்திப்பேனுக்குச் சிறகு கிடையாது. அந்த அட்டை இலைப்பேனுக்கும் (த்ரிப்ஸ்) வெள்ளை ஈக்கும்தான்.

ஹீட்டர் பக்கம் ஏன் முதலில் தாக்கியது என்றும் கேட்டிருந்தீர்கள். சூடும் வறட்சியும்தான் காரணம். 20 டிகிரியில் ஒரு முட்டை வளர்ந்த பேனாக இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கும். 30 டிகிரியை நெருங்கினால் ஒரு வாரம் போதும். ஒரு பெண்பேன் தன் ஆயுளில் நூறு முட்டைக்கு மேல் இடும். ஆணோடு சேராவிட்டாலும் முட்டையிடும். அந்த முட்டைகள் ஆணாகப் பொரிக்கும், பிறகு அந்த ஆண்களோடு சேர்ந்து பெண் குஞ்சுகளைப் பெருக்கும். ஆகவே ஒரே ஒரு பேன் உள்ளே வந்தாலும் ஒரு குடும்பத்தைத் தொடங்கிவிட முடியும். நீங்கள் மஞ்சள் பொட்டைக் கண்ணால் பார்த்த நாளில் அங்கே பல தலைமுறை ஆகிவிட்டது.

அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள்

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் உரிமம் பெற்ற கஞ்சாப் பயிரில், கஞ்சாவுக்கு என்றே பதிவு செய்யப்பட்ட பூச்சிமருந்தைத் தவிர வேறெதையும் அடிக்கக் கூடாது. காய்கறிக்குப் பதிவாகியிருந்தாலும் போதாது. அபாமெக்டின் கஞ்சாவுக்குப் பதிவாகவில்லை. அதோடு, வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த, கனடாவின் லேபிள் இல்லாத போத்தலை வைத்திருப்பதே தனிச் சிக்கல். அதைக் கழிவறையில் ஊற்றாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். உங்கள் நகராட்சியின் அபாயகரக் கழிவு சேகரிப்பில் கேட்டு ஒப்படையுங்கள்.

பரிசோதனையில் தெரியுமா என்றால், தெரியும். 2019 ஜனவரி 2 முதல் உரிமக் கஞ்சாவுக்குப் பூச்சிமருந்துப் பரிசோதனை கட்டாயம். கனடாவின் மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா தொடக்கத்தில் வெளியிட்ட 96 வேதிப்பொருட்களின் பட்டியலில் அபாமெக்டின் முதல் வரிசையிலேயே இருக்கிறது. சிலந்திப்பேனுக்கு என்று உலகமெங்கும் அடிக்கப்படும் பைஃபெனசேட், எட்டாக்சசோல், ஸ்பைரோமெசிஃபென் எல்லாமே அதில் உண்டு. பேன் மருந்தைத்தான் எல்லோரும் திருட்டுத்தனமாக அடிப்பார்கள் என்று தெரிந்தேதான் அந்தப் பட்டியலைப் போட்டார்கள். 2016, 2017 வாக்கில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் விற்ற சரக்கிலேயே மைக்ளோபியூட்டனில், பைஃபெனசேட் ஆகியவை கண்டுபிடிக்கப்பட்டு, விற்றதைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அந்தச் சம்பவங்களிலிருந்துதான் இந்தக் கட்டாயப் பரிசோதனை வந்தது.

ஆனால் மாட்டிக்கொள்வோமா என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். மைக்ளோபியூட்டனில் என்பது திராட்சைக்கும் காய்கறிக்கும் அனுமதிக்கப்பட்ட பூசண மருந்து. அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். சாப்பிடும் பயிருக்கு வகுத்த பாதுகாப்பு எல்லை, புகைக்கும் பயிருக்கு ஏன் பொருந்தாது என்பது இதில் புரியும். வயிற்றுக்குள் போகும் நஞ்சைக் கல்லீரல் முதலில் சந்திக்கிறது. புகையாகப் போவது நேரே நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கண்ணாடிக் குழாயில் புகைத்தபோது பூவிலிருந்த மருந்து எச்சத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம் வரை புகையோடு போனது என்று கண்டார்கள். உங்கள் சரக்கை வாங்குகிறவர்களில் புற்றுநோய் வலிக்காகப் பயன்படுத்துகிறவரும் இருக்கலாம். “நாலு வாரத்தில் கரைந்துவிடும்” என்று சொல்கிற கூட்டாளி, பிசின் நிறைந்த பூவில் அது எவ்வளவு நாளில் கரையும் என்று எந்த லேபிளிலும் படித்திருக்க முடியாது. ஏனென்றால் அப்படி ஒரு லேபிளே இல்லை.

இன்னொன்று. அடித்தாலும் வேலை செய்யும் என்று உறுதியில்லை. மருந்துக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்வதில் இந்தப் பேனுக்கு இணையாகச் சொல்ல வேறு பூச்சி அதிகமில்லை; 90-க்கும் மேற்பட்ட மருந்துப் பொருட்களுக்கு எங்காவது ஓரிடத்தில் அது எதிர்ப்புக் காட்டியிருக்கிறது. அதன் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து 2011-இல் வெளியிட்ட பன்னாட்டுக் குழுவை நடத்தியது உங்கள் மாகாணத்தின் லண்டன் நகரத்துப் பல்கலைக்கழகம்தான். செடிகளின் நஞ்சைச் செரிப்பதற்கான மரபணுக்கள் அதனிடம் ஏராளமாக இருப்பதை அந்த ஆய்வு காட்டியது. நூற்றுக்கணக்கான செடிகளின் நஞ்சைச் செரித்துப் பழகிய உடம்புக்கு நம் மருந்து பெரிய காரியமில்லை. பைரித்ராய்டு வகை மருந்து அடித்தால் பேனின் எதிரிகள் செத்து, பேன் முன்னைவிட அதிகமாகப் பெருகிய கதையைத் தோட்டக்காரர்கள் எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

வேப்பெண்ணெய் பற்றிக் கொஞ்சம் கடினமான செய்தி

இதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நம் எல்லோருக்கும் வேம்பு என்றால் மருந்து, அதில் கெடுதல் எதுவும் இல்லை. உங்கள் அப்பாவும் மிளகாய்க்கு அடித்திருப்பார். ஆனால் கனடாவில் வேப்பெண்ணெய் கஞ்சாவுக்கான பூச்சிமருந்தாகப் பதிவு செய்யப்படவில்லை. கடையில் கிடைப்பது உண்மைதான். அது வேறு உபயோகத்துக்கு என்று விற்கப்படுவது. வேப்பெண்ணெயில் இருக்கும் அசாடிராக்டின் அந்த 96 பொருள் பட்டியலில் இருக்கிறது. இயற்கைப் பொருள் என்பதால் சட்டம் அதை விட்டுவிடவில்லை.

ஆக, பூத்த செடியில் நீங்கள் அடித்த அந்த ஒரு தெளிப்பே இந்தப் பயிரைப் பரிசோதனையில் தோற்கடிக்கலாம். வெயில் பட்டால் அசாடிராக்டின் ஓரளவு சீக்கிரம் சிதையும் என்பது ஆறுதலான விஷயம். ஆனால் அடர்ந்த பூவின் உட்பக்கம் வெயில் படாது, அதனால் இதை நம்பி இருக்க முடியாது. செய்ய வேண்டியது: என்று, எந்த வரிசையில், எவ்வளவு அடித்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் உள்ளபடி எழுதுங்கள். எழுதாமல் விடவோ, சோப்பு என்று மாற்றி எழுதவோ யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தெரியாமல் செய்த தவறை விளக்க முடியும். பதிவேட்டைத் திருத்தியதை விளக்கவே முடியாது. உரிமம் அங்கேதான் போகும். அடித்த வரிசைகளையும் அடிக்காத வரிசைகளையும் இன்றே தனித்தனித் தொகுப்பாகப் பிரித்துக் குறியீடு போடுங்கள். அறுவடைக்கு முன்னால் இரண்டிலிருந்தும் மாதிரி எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் சரக்கை வாங்கும் பதப்படுத்தும் நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் பயிர்ப் பாதுகாப்புக்காரன், வழக்கறிஞர் இல்லை. ஆகவே ஹெல்த் கனடாவுக்கு இதை எப்படித் தெரிவிப்பது என்று உரிமச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் செய்யுங்கள். அந்தக் கட்டணத்தைச் செலவென்று பார்க்காதீர்கள்.

நல்ல பேன் கதையல்ல

1967-இல் நெதர்லாந்தில் யான் காப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயி, மருந்து கைவிட்ட பிறகு, பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ் என்ற இரைவிழுங்கிப் பேனை வளர்த்து விடத் தொடங்கினார். இன்று உலகின் பெரிய உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனங்களில் ஒன்று அவர் தொடங்கியதுதான். நீங்கள் வேலை பார்த்த வெள்ளரிக் குடில்களிலும் அந்த ஆரஞ்சு நிறப் பேனைப் பார்த்திருப்பீர்கள். சிலந்திப்பேனைத் தவிர அது வேறெதையும் பெரிதாகத் தின்னாது. வளர்ந்த பேன் ஒரு நாளைக்கு ஐந்து வளர்ந்த சிலந்திப்பேனையோ, இருபது முட்டைகளையோ காலி செய்யும். வலைக்குள் புகுந்து வேட்டையாடவும் தெரிந்தது.

அப்படியானால் உங்களிடம் ஏன் செத்தது? மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது. முதலாவது, எண்ணெய் அடித்த அடுத்த நாளே விட்டிருக்கிறீர்கள். சோப்பு காய்ந்துவிட்டால் பெரிய கெடுதல் செய்யாது. எண்ணெய்ப் பசை அப்படி இல்லை. இலைமேல் தங்கி நல்ல பேனையும் பாதிக்கும்.

இரண்டாவது, ஈரப்பதம். இது முக்கியமானது, வெள்ளரிக்கும் கஞ்சாவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பலமாக உதைக்கிறது. பெர்சிமிலிஸின் முட்டை பொரிக்கக் காற்றில் 60 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். வெள்ளரிக் குடிலில் அது தானாகவே இருக்கும். பூத்த கஞ்சாவுக்கு நீங்கள் ஈரத்தை 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறீர்கள். அதைச் சரியாகத்தான் செய்கிறீர்கள். இல்லையென்றால் பூவுக்குள் சாம்பல் பூசணம் வந்துவிடும். பூசணத்துக்குப் பிடிக்காத காற்று சிலந்திப்பேனுக்கு மிகவும் பிடித்த காற்று. நல்ல பேனுக்கு அது பாலைவனம். இதற்காக இப்போது ஈரத்தைக் கூட்டிவிடாதீர்கள். பேன் தின்றது போக மிச்சமிருப்பதையும் பூசணம் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, செடியின் பிசின். பூவையும் பூவைச் சுற்றிய சிறு இலைகளையும் மூடியிருக்கும் சுரப்பி முடிகள் ஒட்டுப் பசை மாதிரி. நல்ல பேன் அதில் நடக்க முடியாமல் தடுமாறும், ஒட்டிக்கொண்டு சாகும். செடி இளசாக இருக்கும்போது விட்டால் தாராளமாக ஓடியிருக்கும். போதாததற்கு, போத்தலில் வந்தவை வரும் வழியிலேயே செத்திருக்கவும் இடமுண்டு. அடுத்த முறை பெட்டி வந்தவுடன் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டி லென்ஸில் பாருங்கள். ஆரஞ்சு நிறப் புள்ளிகள் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அன்றே விற்றவருக்குப் படம் அனுப்புங்கள். வந்த அன்றோ மறுநாளோ விட்டுவிட வேண்டும். வைத்திருக்கும் பொருளில்லை அது.

இந்தப் பயிரை என்ன செய்யலாம்

மொத்தமாக வெட்டி எறிவதா, மருந்து அடிப்பதா என்று இரண்டு வழியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இடமிருக்கிறது, ஆனால் நீங்கள் கொஞ்சம் இழக்கத் தயாராக வேண்டும்.

நுனிப்பூவில் வலை கட்டிய செடிகளை நாளைக்கே எடுத்துவிடுங்கள். அவற்றைக் காப்பாற்ற முடியாது. வலை கட்டுவது, இங்கே இடம் போதவில்லை, பக்கத்துச் செடிக்குப் போகிறோம் என்று பேன் தயாராகும் கட்டம். எடுக்கும்போது செடியை நின்ற இடத்திலேயே பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாய் கட்டி, பிறகு அடியில் வெட்டுங்கள். உலுக்கிக்கொண்டு பாதை வழியே தூக்கிப் போனால் வழியெல்லாம் பேன் உதிரும். உரிமப்படி அழிக்கும் கஞ்சாவுக்கும் கணக்கு உண்டு, மறந்துவிடாதீர்கள்.

அடுத்த வட்டத்துச் செடிகளில், மஞ்சள் பொட்டு இருந்து வலை இல்லாதவற்றில், கீழ் இலைகளையும் நிழலில் கிடக்கும் பெரிய இலைகளையும் கிள்ளி எடுங்கள். முட்டையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். பூவை நனைக்கும் எந்தத் தெளிப்பும் இனி வேண்டாம், சோப்பாக இருந்தாலும் சரி. ஈரம் பூவுக்குள் தங்கும், பூசணம் வரும், ருசியும் கெடும். இரவில் கந்தக ஆவி போடலாம் என்று இன்னொரு கூட்டாளி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பூத்த செடிக்கு வேண்டாம். பூவில் கந்தக வாடை தங்கும், நல்ல பேனும் சாகும்.

வெப்பத்தைக் குறையுங்கள். ஹீட்டர் காற்று நேராகச் செடியில் படாமல் திருப்புங்கள். பகலில் 28, 29 என்று ஓடுவதை 23, 24-க்குக் கொண்டுவந்தாலே அடுத்த தலைமுறை சில நாள் தள்ளிப் போகும். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அந்தச் சில நாட்கள்தான். பேனை ஒழிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. அறுவடை வரைக்கும் அதைத் தாமதப்படுத்தினால் போதும்.

எண்ணெய் படாத வரிசைகளில் மட்டும் திரும்பவும் நல்ல பேன் விடுங்கள். இந்தமுறை கலிபோர்னிகஸ் என்ற வகையை விற்பவரிடம் கேளுங்கள். வறண்ட காற்றையும் சூட்டையும் பெர்சிமிலிஸைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் மெதுவாகத்தான் தின்னும். எனவே பொட்டுத் தெரியும் இடங்களில் பெர்சிமிலிஸையும் சேர்த்து, பூவின் மேல் தூவாமல் நடு இலைகளின் மேல் விடுங்கள். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். நல்ல பேனின் உடம்பும் பூவில் ஒட்டினால் அதுவும் அந்நியப் பொருள்தான்.

ஹீட்டர் பக்கத்து வரிசைகளை ஒரு வாரம் முன்னதாக அறுக்க முடியுமா என்று வாங்குபவரிடம் கேளுங்கள். எடை கொஞ்சம் குறையும். முழு எடைக்காகக் காத்திருந்து வலை கட்டிய பூவைக் கொடுப்பதைவிட அது பரவாயில்லை.

கழுவினால் போகுமா என்ற கேள்விக்குப் பதில், போகாது. வலையும் கழிவும் பூவின் மடிப்புக்குள் சிக்கியிருக்கும், உள்ளே போன மருந்தை நீர் தொடாது. எண்ணெய் எடுக்கக் கொடுப்பது பற்றி உங்கள் கூட்டாளிக்கு இருக்கும் எண்ணம் தலைகீழானது. எண்ணெய் எடுக்கும்போது மருந்தும் பிசினோடு சேர்ந்து வந்து செறிவடையும். பூவில் எல்லையை ஒட்டி இருந்த அளவு எண்ணெயில் எல்லையைத் தாண்டிவிடும். பேன் தொட்டும் மருந்து தொடாத செடிகள் என்றால் அந்த வழி சரி, வாங்குபவரிடம் உள்ளபடி சொல்லிக் கொடுக்கலாம்.

அடுத்த பயிரை இப்போதே தொடங்குங்கள்

உங்கள் பேன் எங்கிருந்து வந்தது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வெளியிலிருந்து நடுவதற்கு வாங்கிய கிளைத் துண்டில், அதாவது கட்டிங்கில், வந்திருக்க வேண்டும். வந்த அன்றே மற்ற செடிகளோடு வைத்ததாகச் சொல்கிறீர்கள். இனி வெளியிலிருந்து வரும் எந்தக் கட்டிங்கும் இரண்டு, மூன்று வாரம் தனி அறையில் இருக்கட்டும். தாய்ச்செடி அறையைக் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வேலை அங்கே. குடிலுக்குள் போய்வந்த உடையோடு யாரும் அங்கே நுழைய வேண்டாம்.

செடி பூக்குமுன், இலை வளரும் காலத்தில்தான் உங்கள் கையில் ஆயுதம் எல்லாம் இருக்கிறது. கஞ்சாவுக்குப் பதிவான பூச்சிக்கொல்லிச் சோப்பு, தாது எண்ணெய், பூச்சிகளைத் தாக்கும் பூசணமான பூவேரியா ஆகியவற்றை அப்போதுதான் அடிக்க வேண்டும். எதை வாங்கினாலும் லேபிளில் பதிவு எண்ணும் கஞ்சா என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். சோப்பு முட்டையைக் கொல்வதில்லை. அதனால் நாலைந்து நாள் இடைவெளியில் திரும்ப அடிக்க வேண்டும், அதுவும் இலையின் அடிப்பக்கம் முழுதும் நனைய. நீங்கள் இரண்டு முறை அடித்தும் நிற்காததற்கு இடைவெளி பத்து நாளானதே போதுமான காரணம்.

தெளிப்பு முடிந்து இலை காய்ந்தபின், ஒரு பேன்கூடக் கண்ணில் படாவிட்டாலும், கலிபோர்னிகஸ் பைகளைச் செடிகளில் தொங்கவிடுங்கள். அந்தப் பைக்குள்ளேயே அவற்றுக்குத் தீனி இருக்கும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். உங்கள் பெண் செடிகளில் மகரந்தம் இல்லை என்பதால் வேறு உணவு கிடைக்காது. ஆகவே பைகளைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். செடிகளைப் பூக்க வைக்க இருட்டுத் திரை போடும் நாளில் குடிலில் சிலந்திப்பேன் இல்லாமல் இருக்க வேண்டும். ஏதாவது வரிசையில் இருந்தால் அந்த வரிசையைப் பூக்க விடாமல் நிறுத்தி வையுங்கள். அந்தத் தாமதம் உங்களுக்குக் கசக்கும், கடன்காரருக்கும் கசக்கும். இப்போது நீங்கள் பைக்குள் போடப்போகும் செடிகளை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு பயிருக்கு நடுவில் குடிலை முழுக்கக் காலி செய்யுங்கள். தரையில் முளைத்த களை, மூலையில் உங்கள் மகள் வைத்திருக்கும் செம்பருத்தித் தொட்டி எல்லாம் வெளியே போகட்டும். செம்பருத்தியும் இந்தப் பேனுக்கு வீடுதான். பகல் குறைந்து குளிர் வரும் மாதங்களில் பெண்பேன்கள் ஆரஞ்சு நிறமாக மாறி, சாப்பாடில்லாமல் கம்பி இடுக்கிலும் மரப்பலகை வெடிப்பிலும் ஒளிந்து கிடக்கும். அவற்றை நல்ல பேன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பேன் விறுவிறுவென்று ஓடும், இது அசையாமல் கிடக்கும். தழைச்சத்தையும் அளவாகக் கொடுங்கள். நைட்ரஜன் கூடிய கரும்பச்சை இலையில் பேன் அதிக முட்டையிடும்.

உங்கள் மனைவி

கடிதத்தின் கடைசி இரண்டு வரியைத்தான் நான் முதலில் பதில் எழுதியிருக்க வேண்டிய கேள்வியாக நினைக்கிறேன். சிலந்திப்பேனாலேயே பசுமைக்குடில் தொழிலாளர்களுக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வருவது மருத்துவ உலகில் பதிவான விஷயம். கஞ்சாத் தூளாலும் வரும். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கஞ்சா பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்த 27 வயதுப் பெண் ஒருவர் வேலையிடத்தில் ஆஸ்துமா தாக்கி, சில நாளில் இறந்தார். அவருக்கும் மூக்கு ஒழுகலும் இருமலுமாகத்தான் தொடங்கியது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாலையில் மூச்சு இழுக்கிறது, வேலைக்குப் போகாத நாளில் குறைகிறது என்றால் அது சளி இல்லை.

இந்த வாரமே குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என்ன வேலை, என்ன தூசி, என்னென்ன தெளித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வேப்பெண்ணெயையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை அவர் இலை நறுக்கும் அறைக்குப் போக வேண்டாம், பேன் பிடித்த வரிசைகளில் கிள்ளும் வேலையும் அவருக்கு வேண்டாம். மற்றவர்கள் முகத்தோடு சரியாகப் பொருந்தும் என்-95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளட்டும். உங்கள் நிறுவனம் ஒன்டாரியோவின் வேலையிடக் காப்பீட்டில் பதிவாகியிருக்கிறதா, உங்கள் மனைவியின் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு ஆள்தானே என்று எழுதாமல் விட்டிருந்தால், நாளைக்கு மருத்துவர் இது வேலையால் வந்த நோய் என்று எழுதிக் கொடுத்தாலும் உரிமை கோருவது கடினமாகிவிடும். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் பேனைப் பார்க்கலாம்.